பீலிக்கு மேலே வளர்ந்தவை

ஓடைக்கரையில் வளர்வதையெல்லாம் "புல்லு" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டு அடுத்த மலைக்கு நடக்கிற பழக்கம் நம் உத்தியோகத்துக்கு உண்டு. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, தம்பிமாரே, தங்கச்சிமாரே. நமக்குத் தேயிலைதான் சோறு. தேயிலை அல்லாத எதுவும் களை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே கள வேலைகளைப் பார்த்த பெரிய கண்டாக்கு ஐயா, தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் ஒரு சேம்பு இலை தலை நீட்டினால்கூட "என்னய்யா இது, தோட்டமா காடா?" என்று கத்துவார். மலையென்றால் சிரைத்த தாடை மாதிரி இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. மனுசன் எனக்கு நல்லது நிறையச் சொல்லித் தந்தார். இது மட்டும் சுத்தத் தப்பு.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த கள உத்தியோகத்தர்களுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது பற்றிப் பேசினேன், உரம் பற்றிப் பேசினேன். கை தட்டினீர்கள், தேத்தண்ணி தந்தீர்கள். சொல்லவேண்டும் என்று நினைத்துப் போனதைச் சொல்ல வாய் வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். கசக்கும். இனிப்பு வேண்டுமென்றால் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே நல்ல பேக்கரி இருக்கிறது, அங்கே போங்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு டிவிசன் என் பொறுப்பில் இருந்தது. அதன் நடுவே ஓர் ஓடை. ஓடையின் கீழ்ப்பாதி லொறிப் பாதையை ஒட்டி ஓடும். வருடக்கணக்காகக் களைமருந்து அடித்து அடித்து அந்தக் கரை மொட்டையாகிக் கிடந்தது. மேல்பாதி ஓர் இடுக்குக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மருந்துத் தாங்கியைச் சுமந்துகொண்டு ஏற யாருக்கும் மனம் வராததால் கரை தப்பிப் பிழைத்தது. கோரை, நாணல், காட்டுச்சேம்பு, வெள்ளை இஞ்சிப்பூ, ஆள் உயரத்துக்குப் பெரணி மரமான மரப்பன்னம் என்று ஒன்றின் வேரை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. அந்த வேர்களுக்கு அடியிலிருந்து கசிகிற ஊற்றைத்தான் மூங்கில் குழாய் வைத்து இறக்கியிருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடான மேல் லயத்துக்கு அந்த ஒரு பீலிதான். குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளைகளைக் கழுவ, எல்லாம் அங்கேதான்.

மேல் லயத்தில் அஞ்சலை என்று ஒரு கொழுந்துக்காரி. ஐம்பது வயதை ஒட்டியவள். புருசனுக்கு இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில் வேலை, ஒரே மகன் கட்டிக்கொண்டு பொகவந்தலாவைப் பக்கம் போய்விட்டான். சொந்த நிலமா, நகையா, ஒன்றும் கிடையாது. ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் சடங்கு, கல்யாணம் என்றால் முதல் அடுப்பை அவள்தான் பற்றவைக்கவேண்டும். "அஞ்சலை அக்கா கைராசி" என்பார்கள். அவளுக்கு அங்கே இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். அது எப்படிப் போயிற்று என்பதுதான் நான் சொல்லவந்த கதை.

ஒரு வருடம், வெளிநாட்டுக்காரர்கள் தேயிலைக்குக் கொடுக்கிற நற்சான்றிதழுக்காக ஓடிட் என்கிற சோதனை வருகிறது என்று தகவல் வந்தது. அவர்கள் பார்க்கிற முக்கியமான விசயங்களில் ஒன்று ஓடைக்கரை. கரையில் மருந்து அடிக்கக்கூடாது, இயற்கையான செடிகொடி இருக்கவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நம்முடைய மொட்டைக்கரையை என்ன செய்வது? அப்போதுதான் உதவி மனேஜராகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்திருந்தார். கண்டிப் பக்கத்துப் பிள்ளை, சுறுசுறுப்பு, யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவர்களால் நடக்கிற கெடுதலை எப்படியும் தடுத்துவிடலாம், இந்த மாதிரி நல்ல பிள்ளைகளால் நடக்கிறதைத்தான் தடுக்க முடியாது.

வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டில், ஆட்களெல்லாம் நிற்கும்போதே திட்டத்தைச் சொன்னார். "மேல இடுக்குல நிறைய இருக்குதானே, அதப் புடுங்கிட்டு வந்து ரோட்டோரக் கரையில நட்டுருவோம். ஒரு வாரத்துல பச்சையாயிரும்."

"சேர், அது பீலிக்கு மேல இருக்கிற கரை," என்றேன். "அத உரிச்சா மழைக்கு மண்ணு இறங்கி பீலி மேலதான் உக்காரும். மேல் லயத்துக்குத் தண்ணி இல்லாமப் போயிரும்."

"புல்லுதானே ஐயா, திரும்ப முளைக்கும்."

"முளைக்கும் சேர். மழைக்கு முன்னால முளைக்காது."

சிரித்தார். என் ஆட்களை அந்த வேலைக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வேறொரு கங்காணியைக் கூப்பிட்டு, பாதி நாள் வேலைக்கு முழு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிறேன் என்றார். போட்டி போட்டுக்கொண்டு மம்பட்டியை எடுத்தார்கள். எடுத்தவர்களில் பாதிப் பேர் மேல் லயத்து ஆட்களே! நான் நேரே தோட்டத்து மனேஜரான பெரிய துரையிடம் போனேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஓடிட் முடியட்டும், பிறகு பார்ப்போம்," என்றார். நம் உத்தியோகத்தில் இந்த வாக்கியத்தை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். அந்தப் "பிறகு" ஒருநாளும் வந்ததில்லை.

இடுக்கில் வெட்டு நடக்கும்போது அஞ்சலை குடத்தோடு பீலிக்கு வந்திருக்கிறாள். நானும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஆட்கள் கோரையை வேரோடு பெயர்த்து, பன்னத்தை அடியில் தறித்து, சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"அட பாவிகளா, கரைய உரிக்கிறீங்களே! மழை வந்தா இந்த மண்ணு பூராவும் பீலி மேலதான் வந்து உக்காரும். குடிக்கத் தண்ணி இல்லாமப் போயிரும், பாத்துக்கிட்டே இருங்க!"

"காலங்காத்தால வாய வைக்காத அக்கா," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இதைக் கவனியுங்கள். பெரட்டில் நான் சொன்னதும் பீலியில் அவள் சொன்னதும் ஒன்றேதான். பெரிய ஞானம் ஒன்றும் இல்லை அதில். சிரித்தவனுக்கும் தெரியும், சாக்கைப் பிடித்தவனுக்கும் தெரியும். வாயைத் திறந்து சொன்னது நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடிட்காரர்கள் வந்தார்கள். ரோட்டோரக் கரை பச்சைப் பசேலென்று நின்றது. விடியற்காலையிலேயே பூவாளியால் தண்ணீர் தெளித்து வாட்டத்தை மறைத்திருந்தார்கள். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஆசையாக ஒரு மரப்பன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வேரில்லாத சாமான், மெதுவாக அவர் தோளில் சாய்ந்தது. சின்னத்துரை ஓடிப்போய் நிமிர்த்தி, "காற்று அதிகம்," என்றார். காற்றே இல்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "இவையெல்லாம் எவ்வளவு காலமாக இங்கே நிற்கின்றன?" என்று கேட்டார். சின்னத்துரை முகம் சுண்டிப்போயிற்று. பொய் சொன்னால் உத்தியோகம் பத்திரம். மெய் சொன்னால் தோட்டத்துக்குச் சான்றிதழ் கிடைக்காது, அதன் பழி என் தலையில் விழும். சொல்லிவிட்டேன். "இந்த வாரம் நட்டது அம்மா. மேலே ஓர் ஊற்றுக்கரையை உரித்துக் கொண்டுவந்து நட்டது."

என்ன நடந்திருக்கும் என்கிறீர்கள்? அவர் முகம் மலர்ந்துவிட்டது! "புதிய நடுகையா? அதுவும் இந்த இடத்துச் செடிகளையே கொண்டா? மிக நல்ல முயற்சி," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உரித்தது என்ற வார்த்தை அவர் காதில் ஏறவே இல்லை. மேலே வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். பாதை வழுக்கும் என்றார் சின்னத்துரை. மதியச் சாப்பாடு பங்களாவில் காத்திருந்தது. சான்றிதழும் வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். சொன்ன உண்மை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற வரைக்கும் அது உங்கள் வேலை.

வைகாசி மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் விடாத மழை. ஒரு மத்தியானம் இடுக்குக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். யாரும் அடிபடவில்லை, அந்தப் புண்ணியம் கடவுளுக்கு. ஆனால் உரித்த கரை முழுதும் சரிந்து பீலியை மூடிவிட்டது. மண்ணை வாரிப் பார்த்தோம். ஊற்று வழிமாறி வேறெங்கோ கீழே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து மேல் லயத்துப் பெண்கள் மலையிலிருந்து இறங்கியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கி ஏறவேண்டும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. ரோட்டோரத்தில் நட்டவையோ, ஓடிட் போன கையோடு காய்ந்து கருகிவிட்டன.

இனித்தான் கசப்பே இருக்கிறது.

மாரியம்மன் கோயில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். அவரும் மேல் லயத்துக்காரர்தான். "ஐயா அன்னைக்கே பெரட்டுல சொன்னீங்க. நாங்கதான் கேக்கல. அனுபவம்னா அனுபவம்தாங்க," என்று கும்பிட்டார்.

"அஞ்சலையும் அதையேதானய்யா சொன்னா?" என்றேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. "நீங்க யோசிச்சுச் சொன்னீங்க. அவ வாய வச்சா. 'தண்ணி இல்லாமப் போயிரும்'னு குடத்த எறக்கி வச்சுக்கிட்டு, பீலிக்கு முன்னால நின்னு சொல்லியிருக்கா. கரிநாக்குங்க அவளுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "மண்ணு சரிஞ்சது அவ வாயாலயா, உங்க மம்பட்டியாலயா?" என்று கத்தினேன். தலை குனிந்து நின்றார். மனம் மட்டும் மாறவில்லை. மம்பட்டி பிடித்தவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவன். தம்பியைக் குற்றம் சொல்வதைவிட அஞ்சலையின் நாக்கைக் குற்றம் சொல்வது லேசு. சின்னத்துரையைச் சொல்லவோ பயம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவள் சொல் ஏறியது. ஆனால் குற்றவாளியாக ஏறியது.

லயத்தில் அவள் வந்தால் குடத்தை மூடினார்கள். கர்ப்பிணிப் பெண்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அடுத்த காம்பரா வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்குச் சடங்கு. நடுவில் ஒரு சுவர்தான், அவளுக்குச் சொல்லவில்லை. அடுப்பை வேறொருத்தி பற்றவைத்தாள். ஆற்றுக்குப் போகிற வழியில் ஒருநாள் அவளைக் கண்டேன். தனியாகக் குடத்தோடு ஏறிவந்தாள். "என்னம்மா அஞ்சலை?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றாள். அதற்கு மேல் எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

திருவிழா வந்தது. ஒருவர் மேல் அம்மன் அருள் வந்து சொல்லிற்றாம்: வாயால போன தண்ணி அதே ஆளு கையாலதான் வரணும் என்று. அஞ்சலை விரதம் இருந்து, மஞ்சள் துணி உடுத்தி, ஆற்றிலிருந்து குடம் சுமந்து வந்து, மூடிப்போன பீலியில் ஊற்றி, ஊரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதன் பிறகுதான் கரகம் புறப்படும். கேள்விப்பட்டு ஓடினேன். கூட்டத்தில் புகுந்து நிறுத்தச் சொன்னேன்.

தலைவர் பணிவாகத்தான் பேசினார். "ஐயா படிச்சவங்க. இது எங்க கோயில் விசயங்க. மன்னிச்சுக்கணும்."

நான் விடவில்லை. அப்போது அஞ்சலையே என்னிடம் வந்தாள். தலையில் குடம், உடம்பெல்லாம் ஈரம்.

"விடுங்கய்யா. ஊத்திட்டுப் போறேன். தண்ணி வந்தா நல்லதுதான?"

ஊற்றினாள். கரையை உரித்தவர்களின் காலில், அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, விழுந்து கும்பிட்டாள். தப்பு மேளம் முழங்கியது, கரகம் புறப்பட்டது. தண்ணீர் வரவில்லை. எப்படி வரும்? அது வராததும் அவள் கணக்கிலேயே சேர்ந்தது. சில வாரத்தில் புருசனும் பெண்டாட்டியுமாக மகனிடம் போய்விட்டார்கள். சின்னத்துரைக்கு வேறு தோட்டத்தில் பெரிய பதவி கிடைத்தது. போகும்போது என்னிடம் அன்பாகத்தான் விடை பெற்றார்.

அந்தக் கரையைத் திரும்ப எழுப்பும் பொறுப்பைப் பெரிய துரை என்னிடம் தந்தார். முதலில் கோரை, அது பிடித்த பிறகு சேம்பு, அதற்கப்புறம்தான் பன்னம். வருடங்கள் எடுத்தன. நான் ஓய்வு பெறுகிற வருடத்தில் பழைய இடத்திலேயே ஊற்று கசிந்தது. முன்போல இல்லை, மெல்லிய கசிவு. ஆனால் குடம் நிறையும். லயத்துக்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையைக் கழற்றி எறியத் தோன்றியது, எறியவில்லை. அஞ்சலையைக் கண்டு சொல்லவேண்டும், திரும்பி வரச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உடம்புக்கு முடியாமல் தள்ளிப்போய், போன வாரம்தான் பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினேன்.

மகனுடைய காம்பராவின் வாசலில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழவியாகிவிட்டாள். என்னைக் கண்டதும் எழுந்தாள், சிரித்தாள், பிளேன்டி போட்டுத் தந்தாள். தண்ணீர் வந்துவிட்டது என்றேன். "நல்லதுங்கய்யா," என்றாள். திரும்பி வா என்றேன். பேரனை மறுபடி மடியில் தூக்கிவைத்துக்கொண்டாள்.

பேசிக்கொண்டே லயத்துக்குப் பின்னால் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கேயும் ஓர் ஓடை. அதன் மேல்கரை முழுக்கப் புதிதாக வெட்டிய செம்மண். மரப்பன்னத்தை அடியோடு தறித்து அடுக்கியிருந்தார்கள். டவுனில் ஓக்கிட் பூ வளர்ப்பவர்களுக்குச் செடியைக் கட்டிவைக்க அந்தத் தண்டு வேண்டுமாம், லொறி வந்து ஏற்றிப்போகிறதாம். கரைக்கு நேர் கீழே ஒரு கட்டடம். பெண்கள் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா.

"அஞ்சலை, இதப் பாத்தியா?"

"பாத்தேங்கய்யா."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்ம்மா? உனக்குத் தெரியாதா என்ன ஆகும்னு?"

அவள் என்னைச் சட்டென்று கையமர்த்தினாள். பயந்துபோன கை. "மெதுவாங்கய்யா. நான் சொல்லி, அது நடந்துட்டா? அம்புட்டும் பச்சப் புள்ளைங்க." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அதான் வாயே தெறக்கிறதில்ல. இவன மட்டும் அங்க விடாம நானே வச்சுக்கிட்டு இருக்கேன்."

பெற்ற தாயைப்போல் அந்த லயத்துக்கே அடுப்புப் பற்றவைத்தவள், தன் நாக்கில் நஞ்சு இருக்கிறது என்று நம்பிவிட்டாள். ஊர் சொன்னது, கடைசியில் அவளும் ஒப்புக்கொண்டாள். நான் என்ன சொல்லியும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நேரே அந்த டிவிசனின் கள உத்தியோகத்தரிடம் போனேன். சின்ன வயது. நான் வகுப்பெடுத்த பிள்ளைகளில் ஒருவர், நாற்காலி போட்டு உபசரித்தார். விசயத்தைச் சொன்னேன்.

"பாப்போம் ஐயா. ஆனா லயத்துல இருந்து யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

தம்பி, இதை நீங்களும் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடியவளுடைய வாயை நாங்கள் ஏற்கெனவே அடைத்துவிட்டோம். மழைக்கு அதிக நாள் இல்லை. லொறியை நிறுத்துங்கள், கரையில் இன்றைக்கே கோரையை ஊன்றுங்கள், அதுவரைக்கும் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். நாளைக் காலையிலும் பெரட்டுக்கு முன்னால் தாய்மார் வரிசையாக வந்து குழந்தைகளை அங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். அஞ்சலை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.